எந்த ஜாரிலிருந்து வந்தது அந்தக் கிளாஸ்?

ஜாவா வலைச்செயலிகளைச் சர்வரில் ஏற்றும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

உங்கள் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடுகிற செயலி, சர்வரில் ஏற்றியதும் விழுந்துவிடுகிறது. லாகைத் திறந்தால் ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்செப்ஷன்’. அதற்கடியில் பக்கம் பக்கமாக ஸ்டாக் ட்ரேஸ். மேலாளர் பின்னால் வந்து நிற்கிறார். அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்பதைப் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். காணோம் என்று சொல்லப்பட்ட கிளாஸின் பெயரை இணையத்தில் தேடுவார்கள். அது இருக்கிற ஏதோ ஒரு ஜாரைத் தரவிறக்கி டாம்கேட் சர்வரின் லிப் அடைவுக்குள் போட்டு ரீஸ்டார்ட் செய்வார்கள். இப்போது வேறொரு கிளாஸைக் காணோம். அதற்கும் ஒரு ஜார். நள்ளிரவுக்கு மேல் எப்படியோ செயலி எழுந்து நிற்கும். எதனால் நிற்கிறது என்று அங்கே இருக்கும் ஒருவருக்கும் தெரியாது.

இந்தப் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கிளாஸ்பாத் சிக்கல் எதுவானாலும் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கிளாஸை எந்த லோடர், எந்தக் கோப்பிலிருந்து எடுத்தது, அல்லது எடுக்க முயன்றது? இதற்கு விடை தெரியாமல் ஒரு ஜாரையும் நகர்த்தாதீர்கள்.

முதலில் பிழையின் பெயரை முழுதாகப் படியுங்கள். ஜாவா இந்த விஷயத்தில் தாராளமாகவே பேசுகிறது. நாம்தான் எல்லாப் பிழைகளையும் ‘ஜார் இல்லை’ என்ற ஒரே பொருளில் எடுத்துக்கொள்கிறோம். ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்செப்ஷன்’ என்றால், யாரோ ஒரு பெயரை எழுத்துச் சரமாகக் கொடுத்து, இந்தக் கிளாஸை ஏற்று என்று கேட்டிருக்கிறார்கள், கேட்கப்பட்ட லோடருக்கு அது கிடைக்கவில்லை. பெயர் பெரும்பாலும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பிலோ பிராப்பர்ட்டீஸ் கோப்பிலோ இருக்கும். எழுத்துப் பிழையாகக்கூட இருக்கலாம். ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எர்ரர்’ வேறு வகை. நிரலை கம்பைல் செய்தபோது அந்தக் கிளாஸ் இருந்தது. ஓடும்போது அதன் வரையறை கைக்கு எட்டவில்லை.

இந்த இரண்டாவது பிழைக்குள் ஒரு பொறி உண்டு. செய்தியில் ‘குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்’ என்ற சொற்கள் இருந்தால் ஜார் அங்கேதான் இருக்கிறது. கிளாஸும் கிடைத்துவிட்டது. அதன் ஸ்டாட்டிக் பகுதி முதல் முறை ஓடியபோது ஏதோ உடைந்திருக்கிறது: ஒரு கோப்பைத் திறக்க முடியாமல் போயிருக்கலாம், ஒரு சுற்றுச்சூழல் மாறி இல்லாமல் இருந்திருக்கலாம். அந்த முதல் முறை ‘எக்செப்ஷன் இன் இனிஷியலைசர் எர்ரர்’ என்று லாகில் ஒரே ஒரு தடவை பதிவாகியிருக்கும். அதன் பிறகு அந்தக் கிளாஸைத் தொடும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஜேவிஎம் இந்த இரண்டாவது பிழையைத்தான் வீசும். நீங்கள் லாகின் வாலைப் பார்த்துக்கொண்டு ஜார் தேடிக்கொண்டிருப்பீர்கள். உண்மையான காரணம் பல ஆயிரம் வரிகளுக்கு மேலே, சர்வர் தொடங்கிய நேரத்தில் கிடக்கும். ஆகவே மேலே போங்கள். அந்தக் கிளாஸின் பெயர் லாகில் முதன்முதலாக எங்கே வருகிறது என்று தேடுங்கள்.

‘நோ சச் மெத்தட் எர்ரர்’ வந்தால் கிளாஸ் கிடைத்துவிட்டது, ஆனால் வேறு வெர்ஷனிலிருந்து கிடைத்திருக்கிறது. இங்கே இன்னொரு ஜாரைச் சேர்ப்பது நோயை வளர்ப்பதாகும்; சேர்ப்பதற்கு எதுவும் இல்லை, ஒன்றை நீக்கத்தான் வேண்டும். ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எர்ரர்’ கிளாஸ்பாத் சிக்கலே அல்ல. அதில் வரும் எண்ணைப் பாருங்கள்: 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. புதிய ஜாவாவுக்காகக் கம்பைல் செய்த கோப்பை சர்வரில் இருக்கும் பழைய ஜாவா படிக்க மறுக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது, டாம்கேட் எங்கே தேடுகிறது என்பது. கிளாஸ்பாத் என்ற சுற்றுச்சூழல் மாறியில் பாதைகளை எழுதிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டாம்கேட்டின் தொடக்க ஸ்கிரிப்ட் அந்த மாறியை வெறுமையாக்கிவிட்டுத் தன் பட்டியலைத் தானே அமைத்துக்கொள்கிறது. அதேபோல ‘ஜாவா’ கட்டளைக்கு ‘ஜார்’ விருப்பத்தைக் கொடுத்தால், பக்கத்தில் நீங்கள் எழுதிய கிளாஸ்பாத் விருப்பம் கணக்கிலேயே எடுக்கப்படாது. உங்கள் எடிட்டரிலோ எல்லா ஜார்களும் ஒரே தட்டையான பட்டியலில், ஒரே லோடரின் கீழ் கிடக்கும். அங்கே ஓடியது இங்கே ஓடவில்லை என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

டாம்கேட்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனி லோடர் உண்டு. அவற்றுக்கெல்லாம் மேலே, டாம்கேட்டின் சொந்த லிப் அடைவைப் பார்க்கும் பொது லோடர். சாதாரண ஜாவாவில் லோடர் முதலில் தன் பெற்றோரிடம் கேட்கும், அங்கே இல்லையென்றால்தான் தன்னிடம் தேடும். செயலி லோடர் இதைத் தலைகீழாகச் செய்கிறது. ஜேவிஎம்மின் அடிப்படைக் கிளாஸ்களுக்கு அடுத்தபடியாக வெப்-இன்ஃபின் கிளாஸஸ் அடைவு, பிறகு வெப்-இன்ஃபின் லிப் அடைவு, அதன் பிறகே பொது இடம். சர்வ்லெட் விவரக்குறிப்பு இதற்கு இடம் தருகிறது. சர்வ்லெட் ஏபிஐ போன்றவை மட்டும் விதிவிலக்கு: அவற்றை நீங்கள் வார் கோப்புக்குள் வைத்தாலும் டாம்கேட் தன்னுடையதைத்தான் பயன்படுத்தும். மேவனில் அந்த டிபென்டென்சிக்கு ‘ப்ரொவைடட்’ ஸ்கோப் கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது இந்த மடலிலேயே நீங்கள் கட்டாயம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஓடும் ஜேவிஎம்மில் ஒரு கிளாஸின் அடையாளம் அதன் பெயர் மட்டுமல்ல. பெயரும் அதை வரையறுத்த லோடரும் சேர்ந்ததுதான் அடையாளம். ஷெங் லியாங்கும் கிலாட் பிராக்காவும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத் தெளிவாக விளக்குகிறது. ஒரே வகுப்பில் இரண்டு செல்வி இருந்தால் ஆசிரியர் தலைப்பெழுத்தைச் சேர்த்துக் கூப்பிடுவார் இல்லையா, லோடர்தான் கிளாஸின் தலைப்பெழுத்து. ‘இந்தக் கிளாஸை இதே கிளாஸாக மாற்ற முடியவில்லை’ என்று, இருபக்கமும் ஒரே பெயரோடு ஒரு ‘கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷன்’ வரும்போது பலர் ஜாவாவுக்கே ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒரே ஜார் டாம்கேட்டின் லிப்பிலும் இருக்கிறது, வெப்-இன்ஃபின் லிப்பிலும் இருக்கிறது; இரண்டு லோடர்கள் தனித்தனியே ஏற்றிவிட்டன. புதிய ஜாவா வெர்ஷன்களில் அந்தச் செய்தியின் அடைப்புக்குறிக்குள் இரு பக்கத்து லோடரின் பெயரும் வரும். பொறுமையாகப் படித்தால் விடை அங்கேயே இருக்கிறது.

லோடர்களுக்கிடையே இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. செயலி லோடரால் மேலே இருக்கும் பொது லோடரைப் பார்க்க முடியும்; பொது லோடரால் கீழே பார்க்க முடியாது. டாம்கேட்டின் லிப்பில் ஜாரைப் போடும் வழக்கம் ஏன் ஒன்றன்பின் ஒன்றாகப் பிழைகளைக் கொண்டுவருகிறது என்பதற்கு விளக்கம் இதுதான். ஒரு நூலகத்தை மேலே போடுகிறீர்கள். அது சார்ந்திருக்கும் மற்றொரு நூலகம் வெப்-இன்ஃபுக்குள் இருக்கிறது. மேலே போனது தன் லோடரிடம் கேட்கிறது. அந்த லோடருக்குக் கீழே இருப்பது தெரியாது. உடனே ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எர்ரர்’. ஜார் சர்வரில் இருக்கிறதே என்று நீங்கள் சத்தியம் செய்வீர்கள், இருக்கத்தான் செய்கிறது. உடனே அதையும் மேலே ஏற்றுவீர்கள். ஒவ்வொன்றாக மேலே போய், கடைசியில் அதே சர்வரில் ஓடும் வேறொரு குழுவின் செயலியும் அந்த ஜார்களைப் பார்க்கத் தொடங்கும். அவர்களுக்கு வரும் பிழைக்கு அவர்கள் நிரலில் காரணமே இருக்காது.

மேலே வைக்க வேண்டிய ஜார் என்று ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தரவுத்தள இணைப்புத் தொகுப்பை டாம்கேட்டே உருவாக்கும்படி கான்டெக்ஸ்ட் கோப்பில் எழுதியிருந்தால், ஜேடிபிசி டிரைவர் டாம்கேட்டின் லிப்பில் இருந்தாக வேண்டும். உருவாக்குவது டாம்கேட், அதற்குச் செயலிக்குள் இருப்பது தெரியாது. செயலியே தொகுப்பை உருவாக்குகிறதென்றால் டிரைவர் செயலிக்குள் இருக்கட்டும். ஆனால் அப்போது டிரைவர் தானாகப் பதிவாகும் என்று நம்பியிருக்காதீர்கள். நினைவகக் கசிவைத் தடுக்க டாம்கேட் தொடக்கத்திலேயே டிரைவர் மேனேஜரை எழுப்பிவிடுகிறது. அந்தத் தேடல் முடிந்த பிறகுதான் உங்கள் செயலி வருகிறது. டிரைவர் கிளாஸின் பெயரை அமைப்பில் வெளிப்படையாகக் குறிப்பிட்டுவிட்டால் ‘நோ சூட்டபிள் டிரைவர்’ வராது.

இந்த ஆண்டுகளில் உங்களை அதிகம் வாட்டப்போவது ஜாவக்ஸ் ஜகார்த்தாவாக மாறியதுதான். ஜாவா இஇ தொழில்நுட்பத்தை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதாக ஆரக்கிள் 2017-இல் அறிவித்தது. ஜாவக்ஸ் என்ற பெயர்வெளியில் மாற்றங்கள் செய்ய அறக்கட்டளைக்கு உரிமை கிடைக்கவில்லை. அதனால் 2020-இன் இறுதியில் வந்த ஜகார்த்தா இஇ 9, பேக்கேஜ் பெயர்களையே மாற்றியது. டாம்கேட் 9 வரை பழைய பெயர். டாம்கேட் 10 முதல் புதிய பெயர். வழக்கம்போல் ஏற்றினால் இடையில் பாலம் கிடையாது. பழைய வார் கோப்பை டாம்கேட் 10-இல் போட்டால் ‘ஜாவக்ஸ் சர்வ்லெட்’ கிளாஸைக் காணோம் என்று பிழை வரலாம். அப்படி வந்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். பல நேரம் எந்தப் பிழையும் வராது. சர்வர் அமைதியாகத் தொடங்கும், செயலி ஏறிவிட்டதாக லாக் சொல்லும், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 404. சர்வ்லெட்டின் மேல் நீங்கள் வைத்த அனொட்டேஷன் பழைய பெயரில் இருக்கிறது. டாம்கேட் தேடுவது புதிய பெயரை. ஸ்பிரிங் பூட் 2-இல் கட்டிய வார் கோப்பும் இதே காரணத்தால், தன்னை எழுப்ப ஆள் வராமல் சும்மா கிடக்கும்.

இங்கே பழைய சர்வ்லெட் ஏபிஐ ஜாரைக் கொண்டுவந்து லிப்பில் போடுபவர்கள் நிறைய. கிளாஸ் கிடைத்துவிடும், ஆனால் டாம்கேட் 10-இன் கண்ணில் அது சர்வ்லெட்டே அல்ல. அடுத்த வரியில் ‘கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷன்’ நிற்கும். செய்ய வேண்டியது மூன்றில் ஒன்று. டாம்கேட் 9-இலேயே ஓட்டலாம். அல்லது வார் கோப்பை டாம்கேட் 10-இன் ‘வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ’ அடைவில் வைக்கலாம், அது ஏற்றும்போதே பெயர்களை மாற்றிக்கொள்ளும். அல்லது நிரலையே மாற்றி, நூலகங்களையும் உயர்த்தலாம். ஸ்பிரிங் என்றால் 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3, அதற்கு ஜாவா 17 வேண்டும். நிரலை மாற்றும்போது ஜாவக்ஸ் என்ற சொல்லை எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடாதீர்கள். ஜாவக்ஸ் எஸ்க்யூஎல், ஜாவக்ஸ் நேமிங் போன்றவை ஜேடிகேவின் சொந்தச் சொத்து. அவை பெயர் மாறவில்லை. ஜாவா 8-இலிருந்து 11-க்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: எக்ஸ்எம்எல் பைண்டிங் உள்ளிட்ட சில பேக்கேஜ்கள் 2018-இல் வந்த ஜாவா 11-லிருந்து நீக்கப்பட்டுவிட்டன. அவற்றை மட்டும் டிபென்டென்சியாகச் சேர்த்தே ஆக வேண்டும்.

வெர்ஷன் மோதலுக்கு வருகிறேன். ஒரு நூலகத்தின் இரண்டு வெர்ஷன்களை இரண்டு டிபென்டென்சிகள் கேட்டால், மேவன் உயர்ந்ததைத் தேர்ந்தெடுப்பதில்லை. மரத்தில் உங்கள் திட்டத்துக்கு மிக அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறது. அது பழையதாகவும் இருக்கலாம். கிரேடில் பொதுவாக உயர்ந்ததை எடுக்கும். ஆகவே மேவனிலிருந்து கிரேடிலுக்கு மாறிய ஒரு திட்டம், நிரலில் ஒரு வரியும் மாறாமலேயே வேறு ஜார்களோடு வெளிவரும். மேவனின் டிபென்டென்சி ட்ரீ கட்டளையை வாரம் ஒருமுறையாவது ஓட்டிப் படியுங்கள், பிழை வருவதற்காகக் காத்திருக்க வேண்டாம். வெர்ஷனைப் பெற்றோர் பாமின் டிபென்டென்சி மேனேஜ்மென்ட் பகுதியில் நீங்களே கட்டிவையுங்கள்.

இரண்டு வெர்ஷன்களும் வெப்-இன்ஃபின் லிப்புக்குள் சேர்ந்து கிடந்தால் எது முதலில் வரும்? டாம்கேட் 7 வரை அகர வரிசையில் வந்தது. 8 முதல் அந்த வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. கோப்பு முறைமை எந்த வரிசையில் தருகிறதோ அதுதான். ஒரே வார் கோப்பு ஒரு சர்வரில் ஓடி, பக்கத்து சர்வரில் ‘நோ சச் மெத்தட் எர்ரர்’ கொடுப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மாயம் எதுவுமில்லை. ஒரு சர்வரில் புதிய ஜார் முதலில் அகப்பட்டது, மற்றதில் பழையது. பழைய ஜார் எப்படி அங்கே வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் விரித்த அடைவின் மேலேயே புதிய கோப்புகளை நகலெடுத்திருப்பார்கள். நகலெடுப்பது புதியதைச் சேர்க்குமே தவிர, பெயரில் வேறு வெர்ஷன் எண் கொண்ட பழைய ஜாரை நீக்காது. ஏற்றுவதற்கு முன் பழைய அடைவை முழுதாக அகற்றுங்கள். இதைக் கையால் செய்யாமல் ஸ்கிரிப்டில் எழுதிவையுங்கள்.

சரி, எந்த ஜாரிலிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊகிக்கத் தேவையே இல்லை, கேட்டால் ஜேவிஎம் சொல்லும். ஜாவாவைத் தொடங்கும்போது ‘வெர்போஸ் கிளாஸ்’ விருப்பத்தைச் சேர்த்தால் ஏற்றப்படும் ஒவ்வொரு கிளாஸும், அது வந்த கோப்பின் முழுப் பாதையோடு லாகில் விழும். ஜாவா 9 முதல் இதற்குப் புதிய லாக் விருப்பமும் உண்டு. வெளியீடு மிகப் பெரியது. ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு, சந்தேகப்படும் கிளாஸின் பெயரை கிரெப் செய்தால் ஒரே வரியில் விடை. சர்வரை நிறுத்தித் தொடங்க முடியாத நிலையென்றால், அந்தக் கிளாஸின் ப்ரொடெக்‌ஷன் டொமைனிலிருந்து கோட் சோர்ஸின் இருப்பிடத்தைக் கேட்கும் ஒற்றை வரி நிரலை, நிர்வாகிகள் மட்டும் பார்க்கும் ஒரு பக்கத்தில் முன்கூட்டியே வைத்திருங்கள். லோடரிடம் ‘கெட் ரிசோர்சஸ்’ என்று பன்மையில் கேட்டால் அந்தக் கிளாஸ் கிடைக்கும் எல்லா இடங்களையும் பட்டியலிடும். இரண்டு வரிகள் வந்தால் மோதல் உறுதி.

இவையெல்லாம் செய்வதற்கு முன் இன்னும் எளிய ஒன்று: வார் கோப்பை ‘ஜார் டிஎஃப்’ கட்டளையால் பிரித்துப் பட்டியலைப் பாருங்கள். உங்கள் திட்டத்தின் டார்கெட் அடைவில் இருப்பதை அல்ல, சர்வரில் இப்போது இருக்கும் கோப்பை. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து நேரத்தை இழந்தவர்கள் எத்தனையோ பேர்.

இந்த அறிவு எவ்வளவு முக்கியம் என்பது 2021 டிசம்பரில் தெரிந்தது. லாக்4ஜே நூலகத்தில் லாக்4ஷெல் என்ற ஓட்டை வெளிப்பட்டது. சிவிஇ-2021-44228 என்பது அதன் எண். லாகில் பதியப்படும் ஒரு சரத்தை வைத்தே வெளியாள் ஒருவர் உங்கள் சர்வரில் தன் நிரலை ஓட்ட முடியும். உலகமெங்கும் எல்லா நிறுவனங்களும் தங்கள் ஆட்களிடம் அன்று கேட்டது ஒரே கேள்வி: நம்மிடம் லாக்4ஜே கோர் ஜார் எங்கெல்லாம், எந்த வெர்ஷனில் இருக்கிறது? 2.15.0 வந்தது, அது போதவில்லை, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று சில வாரங்களுக்குள் தொடர்ந்து வந்தன. டிபென்டென்சி மரத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் உடனே பதில் சொன்னார்கள். யாரோ என்றோ டாம்கேட்டின் லிப்பில் போட்டுவிட்டு மறந்த ஜார், எந்த பாம் கோப்பிலும் இருக்காது. ஜாருக்குள் ஜாராகப் பொதிந்தது, பேக்கேஜ் பெயர் மாற்றி உள்ளே சேர்க்கப்பட்டது, இவையெல்லாம் கோப்புப் பெயரைத் தேடினாலும் அகப்படாது. சர்வரில் கிடக்கும் ஒரு ஜார் யாருடையது என்று தெரியாமல் இருப்பது அழகற்ற வேலை என்பதோடு நிற்பதில்லை. நம் செயலியை நம்பித் தங்கள் விவரங்களைக் கொடுத்திருக்கும் மக்களுக்கு அது ஆபத்து.

இன்னொரு வகைச் சிக்கலையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அனுபவசாலிகளும் இதில் தடுக்கி விழுகிறார்கள். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடர் என்று ஒன்று உண்டு. பல நூலகங்கள் கிளாஸ்களை அதன் வழியாகத்தான் தேடும். கோரிக்கையைக் கையாளும் த்ரெட்டில் டாம்கேட் அதைச் சரியாக அமைத்துவிடுகிறது. நீங்கள் வேகத்துக்காக ‘கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சர்’ வழியாக வேலையைப் பொதுத் தொகுப்பின் த்ரெட்டுக்குத் தள்ளினால் அங்கே செயலியின் லோடர் இருக்காது. ஜாவா 9 முதல் இயல்பாக அந்த த்ரெட்டுகளுக்கு சிஸ்டம் லோடர்தான். எடிட்டரில் ஓட்டும்போது சிஸ்டம் லோடரிடமே எல்லாம் இருப்பதால் எதுவும் தெரியாது. ஸ்பிரிங் பூட்டின் ஒற்றை ஜாராகக் கட்டி ஓட்டும்போது உங்கள் கிளாஸ்கள் எல்லாம் வேறொரு லோடரிடம் இருக்கும். அதே நிரல் ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட்’ என்று விழும். இதற்கு ஜார் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. செயலிக்கென்று சொந்த எக்ஸிக்யூட்டரை உருவாக்கி, அதன் த்ரெட்டுகளுக்குச் சரியான லோடரை அமைத்துக் கொடுங்கள்.

ரிசோர்ஸ் கோப்புகளும் இதே குடும்பம்தான். அவற்றைக் கோப்புப் பாதை கொடுத்துத் திறக்காமல் லோடரின் வழியாக ஸ்ட்ரீமாகப் படியுங்கள். ஜாருக்குள் போனபின் அது கோப்பே அல்ல. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் மன்னிக்கும், லினக்ஸ் மன்னிக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சிக்கிக்கொண்டு மூத்தவர்களிடம் உதவி கேட்கும்போது, திரைப்பிடிப்பாக எடுத்த முதல் நான்கு வரிகளை அனுப்பாதீர்கள். லாகை ‘காஸ்ட் பை’ கடைசியாக வரும் இடம் வரை எழுத்தாகவே அனுப்புங்கள். சர்வரில் ஓடும் ஜாவாவின் வெர்ஷன், டாம்கேட்டின் வெர்ஷன், வெப்-இன்ஃப் லிப்பின் முழுப் பட்டியல், டாம்கேட்டின் லிப்பில் நிறுவலுக்குப் பின் யாராவது சேர்த்த ஜார்கள், சந்தேகத்துக்குரிய கிளாஸ் ஏற்றப்பட்ட பாதை, இவற்றையும் கூடவே வையுங்கள். இவற்றைத் திரட்டும்போதே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும். கிடைத்த விடையை, எந்த ஜாரை ஏன் நீக்கினோம் என்று, அந்த மாற்றத்தின் கமிட் குறிப்பிலேயே எழுதிவையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த இருக்கைக்கு வருபவர் அதைத்தான் முதலில் திறப்பார்.

அன்புடன்,
உங்களுக்கு முன்பிருந்தே இதே வேலையைச் செய்துவரும் ஒருவர்